குடையை மடக்கு

“குடை எடுத்தியாக்கா?”

“இல்ல.”

“வானத்தைப் பாத்தியா? கறுத்துக் கெடக்கு.”

“கறுக்கட்டும்.”

“எழுபத்தஞ்சு வயசுல சொட்டச் சொட்டப் போய் நிப்ப. ஏரியிலேர்ந்து எழுந்து வர்றன்னு நெனப்பாங்க.”

“உன் குடையை நீ புடி. உன்கிட்ட நான் கேட்டனா?”

எட்வின் தன் குடையை விரித்துக்கொண்டார். அக்கா ரோஸ்லின் ஐம்பத்துநான்கு வருடமாக இப்படித்தான். எவ்வளவு மழை பெய்தாலும் குடை பிடிக்க மாட்டார். காரணம் கேட்டால், “கை வலிக்கும்” என்பார். பெரம்பூரில் அவர்களுடைய தெருவில் எல்லோருக்கும் இது பழகிப்போன கிறுக்கு.

தரமணியில் மெட்ரோவிலிருந்து இறங்கி நினைவு மீட்பகம் வரைக்கும் பத்து நிமிட நடை. ரோஸ்லின் முழுக்க நனைந்திருந்தார். வாசலில் நின்ற இளம் அதிகாரி துண்டோடு ஓடி வந்தாள்.

“ஐயோ, மேடம்! வண்டி அனுப்பறேன்னு சொன்னேனே? நான் மகிழினி. போன்ல பேசினது நான்தான்.” பிறகு எட்வினைப் பார்த்துக் கண்களை அகல விரித்தாள். “சார், நீங்க... ‘குடையை மடக்கு’ எட்வினா?”

“அப்படியும் சொல்வாங்க. மளிகைக் கடையில பாக்கியை இழுத்தடிக்கிற எட்வின்னும் சொல்வாங்க.”

“இருபத்தியொரு நிமிஷப் பாட்டு! எங்கப்பா கார்ல அது முடியற வரைக்கும் இறங்க விடமாட்டார். ஸ்கூல் வாசல்ல கார் நிக்கும், பெல் அடிச்சிருக்கும், பாட்டு ஓடிட்டிருக்கும்.”

“பாவம்மா நீ.”

எண்பதுகளின் நடுவில் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் மூன்று பையன்கள் சேர்ந்து ‘லோகோ லைன்’ என்று ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டெல்லாம் அவர்களுக்குப் பிடிக்காது. ஒரு பாட்டுக்குள் ஐந்து பாட்டு வேண்டும், தாளம் நடுவழியில் மாற வேண்டும், ஆர்மோனியத்தைக் கிடார் ஆம்ப்ளிஃபையருக்குள் விட்டு உறும வைக்க வேண்டும். ப்ராக்ரசிவ் ராக் என்று பெயர் சொல்லிக்கொள்வார்கள். குடியிருப்பில் அதற்கு வேறு பெயர் இருந்தது: தலைவலி. அந்தத் தலைவலிகளில் ஒன்றுதான் 1988-இல் வந்த ‘குடையை மடக்கு’. அதற்கு முந்தின வருடம் தொலைக்காட்சியில் பதின்மூன்று வாரம் வந்த ‘மூன்றாவது மணி’ என்ற தொடரின் கடைசிக் காட்சியை வைத்து எட்வின் எழுதியது. தொடர் அழிந்துபோயிற்று. அதே நாடாவின்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் நின்றது.

“அந்தத் தொடரைத்தான் இப்ப மீட்டிருக்கோம்,” என்றாள் மகிழினி, அவர்களைச் சின்னத் திரையரங்கு ஒன்றில் உட்காரவைத்து. “அப்ப டிவியில பாத்த அறுநூத்துப் பன்னிரண்டு பேர் தலையிலேர்ந்து எடுத்துச் சேத்தது. ஒருத்தருக்கு முகம் ஞாபகம் இருக்கும், இன்னொருத்தருக்கு வசனம், வேற ஒருத்தருக்குச் சுவத்துல தொங்கின காலண்டர். எல்லாத்தையும் அடுக்கினா காட்சி வந்துடும்.”

“எடுக்கறதுன்னா? தலையிலேர்ந்து போயிடுமா?” என்றார் ரோஸ்லின்.

“போயிடும், மேடம். வாசல் கோலத்து மேல ஈரப் பேப்பரை வச்சு ஒத்தி எடுத்தா எப்படி? கோலம் பேப்பர்ல வந்துடும், தரையில இருக்காது. அந்த மாதிரி. ஆனா பழைய டிவி நாடகம்தானே? கொடுத்தவங்க யாரும் பெருசா வருத்தப்படல.”

“நாடகம்தானே,” என்றார் ரோஸ்லின். துண்டைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டார்.

“இன்னிக்கு நாலு மணிக்குக் குழு கூடி முத்திரை வைக்கும். முத்திரை வச்சுட்டா இதுதான் ‘மூன்றாவது மணி’. ஒட்டாத பதிவெல்லாம் அழிஞ்சுடும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். முதல்ல பாருங்க.”

விளக்கு அணைந்தது.

சின்ன ஊர் ரயில் நிலையம். பயணிகள் அறை. வாரம் ஒரு புது மனிதர் அங்கே வந்து தன் கதையைச் சொல்லிவிட்டு ரயில் ஏறிப் போவார். ஒரு பெண் மட்டும் பதின்மூன்று வாரமும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று சொல்லமாட்டாள். தமிழ்நாடே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இதோ, கடைசி வாரம். வெளியே மழை. நடைமேடையில் அந்தப் பெண் குடையோடு நிற்கிறாள். ஒருவன் வருகிறான். மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, பையில் மின்சாரம் பார்க்கும் டெஸ்டர். அவள் கையிலிருந்து குடையை வாங்கி, கொட்டுகிற மழையில் மெதுவாக மடக்குகிறான்.

“மழை நிக்கலையே?” என்கிறாள்.

“இப்பத்தான் முகம் தெரியுது,” என்கிறான்.

அவனுடைய முகம் மட்டும் கலங்கித் தெரிந்தது. அறுநூறு பேர் அறுநூறு முகம் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து யாருடையதாகவும் இல்லாமல் போயிருந்தது.

ரோஸ்லின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிவு இசையாக நிலையத்து மணி அடித்தது. எட்வினின் விரல்கள் தாமாகத் தொடையில் தட்டின. திடீரென்று நின்றன.

“இன்னொரு தரம் போடும்மா. மணியை மட்டும்.”

போட்டாள்.

“ஏழு.”

“என்ன சார் ஏழு?”

“ஏழு தட்டு அடிக்குது. டிவியில எட்டு. ஏழு என் பாட்டுல.”

“புரியல சார்.”

“அந்த மணியை டிவிகிட்ட கேசட் ரெக்கார்டரை வச்சுப் புடிச்சேன். ஆரம்ப வாரத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், எங்க வீட்ல குடும்ப ஜெபம். ஏழு தட்டு முடிஞ்சு எட்டாவது விழறதுக்குள்ள எங்கம்மா வந்து பட்டனை அமுக்கிட்டாங்க. ‘கர்த்தருக்கு அப்புறம்தாண்டா உன் டப்பா’ன்னு. எங்கிட்ட இருந்தது ஏழுதான். சரி, இதுவும் நல்லாத்தான் நொண்டுதுன்னு அதுலயே பாட்டைக் கட்டினேன். அந்த ஏழு இந்த உலகத்துல எங்க வீட்டைத் தவிர வேற எங்கயும் கெடையாது.” எட்வின் எழுந்து நின்றுவிட்டார். “அப்ப இவங்கல்லாம் நாடகத்தை ஞாபகம் வச்சுக்கலம்மா. என் பாட்டைத்தான் ஞாபகம் வச்சிருக்காங்க!”

மகிழினி திரைப் பக்கம் திரும்பினாள். மேசையில் ஏதோ தேடினாள். திரையில் எண்கள் ஓடின.

“அறுநூத்துப் பதினோரு பேருக்கு ஏழு,” என்றாள் மெல்ல. “ஒருத்தருக்கு மட்டும் எட்டு.”

“யாரு?”

“அரவாமுதன். அந்தத் தொடரை எழுதி இயக்கினவர். தொண்ணூத்திரண்டு வயசு. அவர் பதிவு ஒட்டலைன்னு ஒதுக்கி வச்சிருக்கோம். அவர் ஞாபகத்துல முடிவும் வேற.”

“வேறன்னா?”

“யாருமே வரல. மணி அடிக்குது. அந்தப் பொண்ணு முகத்தைக் கழுவிட்டு, கவுன்ட்டருக்குப் போய் ஒரு டிக்கெட் வாங்கி, ரயில் ஏறிடறா. அவ்வளவுதான்.”



“சேச்சே,” என்றார் எட்வின். “தாளம் அவருக்குச் சரியா நின்னிருக்கும், முடிவு மறந்திருக்கும். வயசாச்சுல்ல? முடிவு குடைதான். நான் கட்டினதில்ல, எங்கக்கா கண்ணால பாத்தது. எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. குடியிருப்புல கரன்ட் இல்ல. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுல ஜெனரேட்டர் வச்சுப் போடறாங்கன்னு, எனக்காகத்தான் இவ அங்க போய்ப் பாத்துட்டு வந்தா. வேப்பிலைக்கு நடுவுல படுத்துக்கினு ஒவ்வொரு வரியா கேட்டேன். சொல்லேன்க்கா.”

ரோஸ்லின் துண்டின் ஓரத்தைப் பிழிந்தார்.

“அதுக்குத்தான் மேடத்தைக் கூப்பிட்டேன்,” என்றாள் மகிழினி. “சார் மேடையில சொல்வாரே, பாட்டு வர்றதுக்கு முன்னாடியே முடிவைச் சொன்னவங்க நீங்க ஒருத்தர்தான். அந்த ஞாயித்துக்கிழமை, ஏழு மணிலேர்ந்து எட்டு வரைக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தீங்கன்னா எல்லாம் உறுதியாயிடும். கொடுக்கலைன்னா பெரும்பான்மைதான். அறுநூத்துப் பதினொண்ணுக்கு ஒண்ணு.”

“எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்,” என்று ரோஸ்லின் எழுந்து வெளியே போனார்.

கூடத்தில் ஒரு முதியவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, காலி பிஸ்கட் தாளைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார். ரோஸ்லினைப் பார்த்ததும் கை கூப்பினார்.

“நீங்கதானே அந்தச் சாட்சி? நான் அரவாமுதன். உங்களைப் பாத்து ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் உக்காந்திண்டிருக்கேன்.”

“எனக்கு எதுக்குங்க நன்றி?”

“என் கதையோட முடிவு உங்களுக்குத்தான் தெரியுமாமே? எங்கிட்ட இருந்ததை மெஷின்ல கொடுத்துட்டேன். கையெழுத்துப் பிரதி வீட்டுல வெள்ளம் புகுந்தப்போ போச்சு. என் பொண்ணு சொல்றா, நான் ஆயுசு பூரா வேற ஒரு முடிவு சொல்லிண்டிருந்தேனாம். யாரோ டிக்கெட் வாங்கறாளாம். அவ சொல்றது காதுல விழறது. உள்ளே ஒண்ணும் அசையலை. இங்கே இருக்கறவாளோ, அது நீங்களா கற்பனை பண்ணிண்டதுன்னு ரொம்ப மரியாதையா சொல்றா.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“மழை, குடை, ஒருத்தன் வரான்... அழகாத்தான் இருக்கு. இருந்தாலும் ஒரே உறுத்தல்.” அவர் மடித்த தாளைப் பிரித்து மறுபடி மடிக்கத் தொடங்கினார். “நான் எழுதினதுல எந்த ஆம்பிளையும் சரியான நேரத்துக்கு வந்ததே இல்லை. என் ஆத்துக்காரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இதுல மட்டும் எப்படி வந்தான்? ராத்திரியெல்லாம் இதே யோசனை. நான் எழுதினதை நானே நம்ப மாட்டேங்கறேன். இந்த வயசுல இது பெரிய அவஸ்தை, அம்மா.”

ரோஸ்லின் அந்தத் தாளையே பார்த்தார். தண்ணீர் குடிக்காமலே திரும்பி நடந்தார். நடையின் கோடியில் மகிழினியை மறித்து, ஒரு காலி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“நான் பாக்கல.”

“என்ன மேடம்?”

“நாடகத்தை நான் பாக்கவே இல்ல. இன்ஸ்டிட்யூட் பக்கமே போகல. குடை, சட்டை, டெஸ்டர் எல்லாம் நான் வந்து அவுத்து விட்டது. அந்தப் பெரியவர் சொன்னதுதான் நெசம். போய்ச் சொல்லிடு.”

மகிழினி சுவரில் சாய்ந்தாள். “ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?”

“வேற என்ன சொல்றது? தம்பி அம்மை போட்டுப் படுத்துக்கினு, ‘என்னாச்சுக்கா, யார்க்கா வந்தது?’ன்னு கேக்கறான். நான் நனைஞ்சு போய் வந்து நிக்கறேன். வாயில அதுதான் வந்துச்சு.”

“அப்ப அந்த ஒரு மணி நேரம்...”

“தயாபரன்னு ஒருத்தன். எங்க குடியிருப்புலயே அடுத்த லைன் வீடு. இவனுங்களோட ஆம்ப்ளிஃபையரைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுவான். ஒரு வருஷம் பாத்துக்கிட்டதோட சரி. அன்னிக்கு ஒரு நாள்தான் பேசினோம். ரயில் தடத்துக்கு மேல நடைபாலம் இருக்குல்ல, அங்க. அன்னிக்கு ராத்திரி வண்டியில விசாகப்பட்டினம் போறான், வேலைக்கு. ‘வர்றியா’ன்னு கேட்டான். நான் வாயத் தொறக்கல. கையில இருந்த குடையை வாங்கினான். அதுக்கு மேல உனக்குத் தெரியுமே.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? ஆறு மாசத்துல மஞ்சக்காமாலை. அவங்கம்மாவுக்குத் தந்தி வந்துச்சு. நான் துக்கம் கேக்கக்கூட போகல. எந்த உறவுன்னு போறது?” ரோஸ்லின் துண்டால் தலையை அழுத்தித் துடைத்தார். “சரி, சொல்லிட்டேன்ல? போய் உங்க குழுகிட்டச் சொல்லு. நான் வீட்டுக்குப் போறேன்.”

“வாய்மொழி செல்லாது, மேடம்.”

“ஏன் செல்லாது?”

“அரவாமுதன் சார் பதிவாவே கொடுத்தார். கேட்டாங்களா? ‘வயசாச்சு, குழம்பியிருக்கார்’னு எழுதிட்டாங்க. உங்களையும் அப்படித்தான் எழுதுவாங்க. அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துப் போட்டுக் காட்டணும். குடை அங்கேர்ந்துதான் வந்துச்சுன்னு கண்ணால பாத்தா, அறுநூத்துப் பதினொண்ணும் விழுந்துடும். அவரோட ஒண்ணு நிக்கும்.”

“எடுத்தா எனக்கு?”

“அந்த ஒரு மணி நேரத்தை அப்புறம் நினைச்சது, இப்ப எங்கிட்ட சொன்னது எல்லாம் கூடவே போயிடும். தயாபரன்னு ஒருத்தர் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பண்ண வருவார்னு தெரியும். அவ்வளவுதான்.”

“எடுத்ததை எனக்கே திரும்பப் போட்டுக் காட்டுவியா?”

“காட்டலாம், மேடம். ஆனா யாரோ நடிச்ச படம் மாதிரி இருக்கும். பக்கத்து ரூம்ல ஓடற டிவி மாதிரி.”

ரோஸ்லின் அறைக்குள் நடந்தார். இந்தச் சுவர்வரைக்கும் போய் அந்தச் சுவர்வரைக்கும் வந்தார். சுவரில் கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

“ஒரு போட்டோ கூட கெடையாதும்மா. லெட்டர் கெடையாது. சொந்தக்காரங்க யாரும் இப்ப இல்ல. அந்த முகம் இப்ப என்கிட்ட மட்டும்தான் இருக்கு. உங்க படத்துல பாத்தியே, அந்த ஆளுக்கு மூஞ்சியே இல்ல.”

“நான் வற்புறுத்தல, மேடம். கையெழுத்துப் போடலைன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. பாட்டும் பாட்டா இருக்கும். சாரும் நல்லா இருப்பார்.”

“அந்தப் பெரியவர் பிஸ்கட் பேப்பரை மடிச்சுக்கினே இருக்காரு பாத்தியா?”

“தினமும் வர்றார், மேடம்.”

“தான் எழுதினதைத் தானே நம்பலயாம்.” மறுபடி சுவர்வரைக்கும் போனார். அங்கேயே நின்று, சுவரைப் பார்த்தபடி பேசினார். “அவ டிக்கெட் வாங்கிட்டாளா? நெசமாவே? யாரும் வராமலே?”

“ஆமா, மேடம்.”

“அன்னிக்கு நான் ஒழுங்கா இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் அதைப் பாத்திருக்கணும்டி.” சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. “பாட்டுன்ற பேர்ல ஊரு பூராவையும் மழையில நிக்க வச்சிருக்கேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

கருவி இருந்த அறை பல் மருத்துவரின் அறை போல இருந்தது. சாய்ந்த நாற்காலி, காதுகளுக்கு மேல் இரண்டு வெள்ளை வட்டுகள். மகிழினி வட்டுகளைப் பொருத்தினாள்.

“வலிக்குமா?”

“இல்ல, மேடம். அந்த நாளை முதல்லேர்ந்து நினைச்சுக்கிட்டு வாங்க. மெதுவா. எவ்வளவு மெதுவா வேணும்னாலும்.”

“அவசரமில்லல்ல?”

“இல்ல, மேடம்.”

“அப்ப படி ஏறறதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். முப்பத்தியெட்டுப் படி.”

மகிழினி திரையைப் பார்த்தாள். பார்க்க வேண்டியது அவள் வேலை. இரும்புப் படிகள். மழை. கீழே நிற்கும் கரி வண்டியின் புகை. மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. அவன் திரும்பினான். மேல் உதட்டில் சின்னத் தழும்பு, ஒரு பக்கம் மட்டும் விழுகிற கன்னக்குழி, பயந்த கண்கள். எவ்வளவு சின்னப் பையன் என்று மகிழினி நினைத்தாள். தன்னைவிடப் பத்து வயது சின்னவன்.

நாலு மணிக்குக் குழு கூடியது. நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது எட்வினின் குரல்.

“அப்ப நீ பாக்கவே இல்ல! ஐம்பத்துநாலு வருஷம்! நான் மேடை மேடையா சொல்லியிருக்கேன், எங்கக்கா கண்ணால பாத்ததுன்னு!”

“கத்தாதடா. பாக்கலன்னுதான் சொல்றாங்க. பாத்த மாதிரி எனக்கும் ஞாபகமில்ல.”

“பின்ன எங்க போன அன்னிக்கு?”

ரோஸ்லின் யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். “வீட்டை விட்டுக் கெளம்பினது தெரியுது. உன் கட்டில் பக்கத்துல வந்து உக்காந்து ஏதோ பேசினதும் தெரியுது. நடுவுல ஒண்ணுமில்ல. எங்கயாவது மழைக்கு ஒதுங்கியிருப்பேன்.”

எட்வின் மகிழினியைப் பார்த்தார். அவள் கோப்பில் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரகசியப் பதிவு, சார். குழுவைத் தவிர யாருக்கும் காட்டக் கூடாது. மேடம் கேட்டா மட்டும் காட்டலாம்.” அவள் நிமிர்ந்தாள். “பாக்கறீங்களா, மேடம்?”

“எதை?”

“உங்களோடது.”

“எனக்கெதுக்கும்மா? வீட்டுக்குப் போய் மாவு அரைக்கணும்.”

கூடத்தில் அரவாமுதனுக்கு ஒரு சின்னத் திரையைக் கொடுத்திருந்தார்கள். எட்டுத் தட்டு மணி அடித்தது. ஒரு பெண் முகம் கழுவினாள், முந்தானையால் துடைத்துக்கொண்டாள், கவுன்ட்டருக்கு நடந்தாள். முதியவர் திரையை மூக்கருகில் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிஸ்கட் தாள் கீழே கிடந்தது.

“ஆமாம்,” என்றார் யாரிடமோ. “இப்படித்தான் எழுதியிருப்பேன்.” பக்கத்தில் ரோஸ்லின் நிற்பதைப் பார்த்துவிட்டு, “நீங்க ஏதோ பெருசா கொடுத்தேளாமே?” என்றார்.

“ஒரு மணி நேரம்தாங்க.”

வாசலுக்கு வந்தார்கள். மழை விடவில்லை. எட்வின் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தூணில் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

“இனிமே அந்தப் பாட்டைத் தொட மாட்டேன். பொய்ப் பாட்டு.”

“ஏண்டா? நல்ல பாட்டுதானே? முதல்ல பாத்தோமே, படத்துல, கொட்டற மழையில குடையை மடக்கறான். ‘இப்பத்தான் முகம் தெரியுது’ன்றான். எவ்ளோ நல்லா இருக்கு! அது எப்படிடா உனக்குத் தோணிச்சு?”

எட்வினின் கை தூணில் நின்றது.

“நீதான்க்கா சொன்ன.”

“நானா? நான் என்னத்த... எனக்கு அவ்ளோ கற்பனை ஏதுடா?” ரோஸ்லினுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. “பரவாயில்லயே. அந்த டெஸ்டர் கூடவா? அது நம்ம ஆம்ப்ளிஃபையர் பையன் வச்சிருப்பான்ல, தயாபரனோ என்னமோ பேரு, விசாகப்பட்டினம் போய்ச் செத்துட்டானே, அவனைப் பாத்துச் சொல்லியிருப்பேன் போல. பாவம், அவன் மூஞ்சிகூட இப்ப மறந்து போச்சு.”

மகிழினி சட்டென்று உள்ளே போகத் திரும்பினாள்.

“ஏம்மா, மகிழினி!” ரோஸ்லின் கூப்பிட்டார். மழையைப் பார்த்து, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். “உங்க ஆபீசுல குடை ஏதாவது இருக்குமா? நாளைக்கே திருப்பிக் கொடுத்து அனுப்பறேன். இவன் குடையில ரெண்டு பேர் புடிக்காது. இந்த வயசுல நனைஞ்சா எனக்கு ஆகாது.”

எட்வின் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். மகிழினி ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து நீட்டினாள். ரோஸ்லின் அதை வாங்கி, விரித்து, காற்றுக்குத் தகுந்தபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

“வாடா, என்ன நின்னுக்கினு இருக்க?” என்றார் குடைக்குள்ளிருந்து. முகம் தெரியவில்லை.